என் ரசனை தப்பா?

கேள்வி: போன மாதம் அம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, எனக்கு மிகவும் பிடித்த, மனிதர்களைக் கொன்ற ஒரு மர்ம மிருகத்தைப் பற்றிய 'பிரதர்ஹுட் ஆஃப் தி வுல்ஃப்' என்ற பிரெஞ்சுப் படத்தை ஆங்கில டப்பிங்கில் போட்டேன். தம்பி கைதட்டிப் பார்த்தான். என் கணவர், "இது துப்பறியும் படமா, பேய்ப் படமா, குங்ஃபூ படமா? சாம்பாரில் பாயசத்தை ஊற்றின மாதிரி இருக்கு" என்று பாதியில் எழுந்து போய்விட்டார். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, "நிஜமாகவே செத்துப்போன ஏழைகளை வைத்து இப்படியா வேடிக்கை காட்டுவது?" என்று கோபப்பட்டார். நாயகனின் நண்பன் மானி சாகும் இடத்தில் நான் அழுததை இன்னும் கிண்டல் செய்கிறார்கள். என் ரசனையில்தான் கோளாறா?
— வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மானிக்காக நானும் அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீருக்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கி 2001-ல் வந்த இந்தப் படத்தைப் பிரான்ஸில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். அங்கேயும் உங்கள் வீட்டு நிலைமைதான். கொண்டாடியவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு.

தொடக்கத்தில் வரும் சண்டையை நினைத்துப் பாருங்கள். கொட்டுகிற மழை. மூக்குவரை முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் குதிரையில் வருகிறார்கள். வழியில் ஒருவரையும் அவர் மகளையும் சிலர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பவர்கள் ஆண்கள், ஆனால் உடுத்தியிருப்பது பெண்களின் உடை. மானி இறங்கி வந்து, கையில் ஒரு கம்போடு அத்தனை பேரையும் சாய்க்கிறான். உங்கள் கணவருக்குப் பொறுமை போனது அநேகமாக இங்கேதான். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸில் ஹாங்காங் சண்டைக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். சண்டைகளை அமைத்த பிலிப் குவாக்கும் ஹாங்காங் படங்களிலிருந்து வந்தவர்தான்.

ஆனால் அந்தப் பெண் வேடம் இருக்கிறதே, அது கற்பனையே இல்லை. 1764 முதல் 1767 வரை, தெற்குப் பிரான்ஸின் ஜெவோதான் மலைப்பகுதியில் ஏதோ ஒரு மிருகம் நிஜமாகவே சுமார் நூறு பேரைக் கொன்றது; படம் சொல்வது அந்தக் கதையைத்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் ஆடு மாடு மேய்க்கப் போன பெண்களும் பிள்ளைகளும். அதனால்தான் துஹாமெல் என்ற படைத்தலைவர் தன் வீரர்களுக்குப் பெண்கள் உடையை மாட்டி, மிருகத்தை அருகே வரவழைக்கப் பார்த்தார். படத்தில் எது நம்ப முடியாததாகத் தெரிகிறதோ, அதுதான் நடந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மக்களுக்கே தங்களுக்கு நடப்பது என்ன கதை என்று தெரியவில்லை. மாந்த் நகரத்து ஆயர், இது கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். சிலர் கழுதைப்புலி என்றார்கள், சிலர் ஓநாயாக மாறும் மனிதன் என்றார்கள். மன்னர் பதினைந்தாம் லூயி அனுப்பிய ஃபிரான்சுவா அந்துவான் 1765 செப்டம்பரில் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார். அதைப் பஞ்சடைத்து அரண்மனைக்கு அனுப்பினார்கள், கதை முடிந்தது என்றார்கள். டிசம்பரிலேயே மறுபடியும் தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. பயம், பக்தி, அரசியல், வதந்தி எல்லாம் அப்போதே ஒன்றாகக் கலந்துதான் கிடந்தன. அதைக் கலந்தே சொல்வது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. பாட்டு, சண்டை, கண்ணீர் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிருகம் கண்ணில் படாதவரை நெஞ்சு படபடக்கிறது. முழுசாகத் தெரிந்த பிறகு கம்ப்யூட்டர் பொம்மையாகிவிடுகிறது. கடைசி அரைமணி நேரத்தில் சதிகாரக் கூட்டம், பழிவாங்கல் என்று அவசர அவசரமாக அடுக்குகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான்.

அப்பாவின் கோபம் வேறு வகை. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1765 ஜனவரி 12 அன்று ஜாக் போர்ட்ஃபே என்ற சிறுவனும் அவனோடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும், கத்தி முனை கட்டிய கம்புகளோடு அந்த மிருகத்தை எதிர்த்து நின்றார்கள். தங்களில் ஒருவனை அது கவ்வி இழுத்தபோது ஓடாமல் துரத்திப் போய் மீட்டார்கள். மன்னர் ஜாக்குக்குப் பணமும் கொடுத்து, படிப்புச் செலவையும் ஏற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் மரி ஜான் வாலே என்ற இளம்பெண், தங்கையோடு ஓடையைக் கடக்கும்போது பாய்ந்த மிருகத்தின் நெஞ்சில் ஈட்டியைச் செருகினாள். ஓவேர் கிராமத்தில் அவளுக்குச் சிலை இருக்கிறது. இவர்களை விட்டுவிட்டு, வீரத்தையெல்லாம் பாரிஸிலிருந்து வந்த கனவானுக்கும் அவர் நண்பனுக்கும் கொடுத்துவிட்டது படம். எனக்கும் அது தீராத வருத்தம்தான்.

இனி என்ன செய்யலாம்? கணவரை விட்டுவிடுங்கள், அவருக்கு இது வேண்டாம். தம்பியோடு இன்னொரு முறை பாருங்கள். ஆனால் பிரெஞ்சுக் குரலில், சப்டைட்டிலோடு. டப்பிங்கில் அந்தப் பிரபுக்களின் பேச்சு சப்பென்று ஆகிவிடுகிறது. அப்பாவிடம் படத்துக்காக வாதாட வேண்டாம். "அந்த மேய்க்கிற பிள்ளைங்க கதை தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, ஜாக் போர்ட்ஃபேயைப் பற்றிச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தவர். அதற்கு அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.