சென்டர் கல்லூரி, 1921: பந்தை வாங்க மறுத்தவர்கள் ஆடிய சீசன்

கேள்வி இதுதான்: "பெரிய அணிகளை விடுங்கள். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சின்ன அணியின் கதையில் உங்கள் மனதில் நிற்பது எது?"

எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூர். அங்கே 1819-ல் தொடங்கிய சென்டர் கல்லூரி. அவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 1921-ல் ஆடிய சீசன்.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பக்கத்தில் லெக்சிங்டன் நகரில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா டான்வில் பக்கம் போனபோது, கல்லூரி வளாகத்துப் பழைய செங்கல் சுவர் ஒன்றில் வெள்ளைப் பெயின்ட்டில் 'சி6எச்0' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். வேதியியல் சூத்திரம் போல இருக்கிறது, ஆனால் ஹைட்ரஜன் சுழியம்! அப்படி எந்தப் பொருள் இருக்கிறது என்று அங்கேயே நின்று மண்டையைக் குடைந்தேன். உடன் வந்த நண்பர்தான் விளக்கினார். சென்டர் 6, ஹார்வர்டு 0. அன்றிலிருந்து இந்த அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

கதை உண்மையில் 1920-ல் தொடங்குகிறது. ஹார்வர்டு அப்போது அசைக்க முடியாத அணி. 1919, 1920 இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1920 புத்தாண்டன்று ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் ஒரிகான் பல்கலைக்கழக அணியை 7-6 என்று வென்றிருந்தது. சென்டரிலோ மொத்த மாணவர்களே 300 பேர் தேறமாட்டார்கள். இரண்டும் 1920-ல் மோதியபோது பாதி ஆட்டத்தில் 14-14 என்று சமநிலை. கடைசியில் 31-14 என்று ஹார்வர்டு வென்றது. அந்தக் காலத்தில் தாக்கி ஆட ஒரு கூட்டம், தடுத்து ஆட இன்னொரு கூட்டம் என்ற ஏற்பாடு கிடையாது. அதே பதினோரு பேர்தான் இரண்டையும் ஆட வேண்டும். ஆள் பலம் இல்லாத அணிக்கு இரண்டாம் பாதியில் கால் ஓயத்தான் செய்யும்.

ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு கேப்டன் ஆர்னால்டு ஹோர்வீன், மரியாதைக்காக ஆட்டப் பந்தைச் சென்டரின் நட்சத்திர வீரர் போ மக்மிலினிடம் நீட்டினாராம். அவர் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு வந்து ஜெயித்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தோற்றவன் பந்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சரி, 1921-க்கு வருவோம். பயிற்சியாளர் சார்லி மோரன். கோடையில் தேசிய லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பார், அப்புறம் இங்கே வந்து ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பார். மக்மிலின் உட்பட வீரர்களில் சிலர் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள். ரெட் ராபர்ட்ஸ் என்ற பெரிய உருவம் ஹெல்மெட்டே போடாமல் ஆடும். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஜெபம் செய்வதால் அணிக்கு 'ஜெபிக்கும் கர்னல்கள்' என்று பெயர்.

சீசன் கிளெம்சனை 14-0 என்று வென்றதில் தொடங்கியது. டிரான்சில்வேனியா கல்லூரியை 98-0 என்று துவைத்தெடுத்தார்கள். அப்புறம் அக்டோபர் 29 வந்தது. இடம் ஹார்வர்டு ஸ்டேடியம்.

முதல் பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. மூன்றாவது கால்பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, ஹார்வர்டின் எல்லைக் கோட்டுக்கு 32 யார்டு தொலைவில் மக்மிலின் கையில் பந்து. ஓடிய திசையைச் சட்டென்று மாற்றி, கபடியில் பாடிப் போனவன் பிடிகளுக்கு நடுவே உடம்பை வளைத்து நழுவுவது போல நழுவி, கோட்டைத் தாண்டிவிட்டார். இப்படிப் பந்தோடு கோட்டைத் தாண்டுவதுதான் டச் டவுன், அதற்கு ஆறு புள்ளிகள். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. மீதி ஆட்டம் முழுக்க அந்த ஆறு புள்ளியை வைத்துக்கொண்டுதான் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு அவர்களைக் கவிழ்த்ததே அந்த இரண்டாம் பாதிதான். இந்த முறை விட்டுக்கொடுக்கவில்லை. செய்தி கேட்டதும் டான்வில்லில் மாணவர்கள் பெயின்ட்டும் கையுமாகக் கிளம்பி, கண்ணில் பட்டதிலெல்லாம் அந்தச் சூத்திரத்தை எழுதினார்கள். மாடுகளைக்கூட விடவில்லையாம்!

பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சீசன் இன்னும் பாதி இருந்தது. கென்டக்கி பல்கலைக்கழகத்தை 55-0 என்று வென்றார்கள். ஆபர்ன், டுலேன் என்று யாராலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. வழக்கமான ஒன்பது ஆட்டங்களில் சென்டர் எடுத்தது 282, கொடுத்தது வெறும் 6. ஹார்வர்டு வெற்றி ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சான் டியேகோவில் அரிசோனாவை 38-0 என்று வென்றார்கள். அங்கிருந்து டெக்சாஸ் பயணம். 1922 ஜனவரி 2, டல்லாஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியுடன் ஆட்டம். அது மோரன் 1914 வரை பயிற்சி கொடுத்த அதே கல்லூரி. அன்று காலைதான் ஃபோர்ட் வொர்த்தில் மக்மிலினுக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை நேராக மைதானத்துக்கு வந்தார்.

இந்த முறை ஆள் தட்டுப்பாடு எதிர் அணிக்கு. வீரர்கள் வரிசையாக அடிபட்டு வெளியேறியதால், பயிற்சியாளர் டானா பைபிள், மேலே பத்திரிகையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கீழே அழைத்தார். அடிபட்டவரின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் கடைசி வரை ஓரத்தில் தயாராக நின்றார். இறங்க வேண்டிய தேவை வரவில்லை. ஏ அண்ட் எம் 22, சென்டர் 14. அந்தக் கல்லூரி இன்றும் பெருமையோடு கொண்டாடும் 'பன்னிரண்டாவது ஆள்' மரபு அன்று பிறந்ததுதான்.

அந்த ஆட்டத்தோடு மக்மிலினின் கல்லூரி ஆட்டம் முடிந்தது. அதே ஆண்டு லூசியானாவில் சென்டனரி கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1945-ல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டத்தை வாங்கித் தந்தவரும் அவரே. அவர் இல்லாத சென்டர் 1922-ல் மறுபடி ஹார்வர்டு போய் 24-10 என்று தோற்றுத் திரும்பியது. லெக்சிங்டன் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கி டான்வில் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.