பிலாத்துவின் பெயர்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜெர்மனியில் பணிபுரியும் என் மகன், ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைச் சொன்னபோது, அங்கே அதைப் 'பொந்தியுவிடமிருந்து பிலாத்துவிடம் ஓடுவது' என்பார்கள் என்றான். பொந்தியு பிலாத்து ஒரே ஆள்தானே? நம்முடைய 'கைகழுவுதல்' என்ற வழக்கும் அவரிடமிருந்து வந்ததுதானா?

வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே ஆள்தான்: இயேசுவுக்கு மரணத் தீர்ப்பளித்த ரோமத் தேசாதிபதி. எங்கு அனுப்பினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் அலைச்சலை அந்த வழக்கு சொல்கிறது. லூக்கா சுவிசேஷத்தின் 23ஆம் அதிகாரத்தில், இயேசு கலிலேயர் என்று அறிந்ததும் பிலாத்து அவரைக் கலிலேயாவை ஆண்ட ஏரோதுவிடம் அனுப்புகிறார்; ஏரோது பரிகசித்துவிட்டு மீண்டும் பிலாத்துவிடமே அனுப்பிவிடுகிறார். டேனிஷ் மொழியில் இதே வழக்கு 'ஏரோதுவிடமிருந்து பிலாத்துவிடம்' என்றே இருக்கிறது.

நம் 'கைகழுவுதல்' ஒருவரை விட்டு விலகுவதைக் குறிப்பது. கூட்டத்தின் முன் தண்ணீரில் கைகளைக் கழுவிப் பிலாத்து செய்ததோ பழி தன்மேல் இல்லை என்ற அறிவிப்பு. எனவே இரண்டையும் ஒன்றாக்க நான் தயங்குவேன். அவர் செய்ததன் பொருளை அறிய, பழைய ஏற்பாட்டின் உபாகமம் 21ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். கொன்றவன் யாரென்று தெரியாமல் வெளியில் ஒரு சடலம் கிடந்தால், அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியைக் கொன்று, அதன்மேல் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அறியாத கொலைக்குரிய அந்தச் சடங்கை, யூதேயாவின் ரோமத் தேசாதிபதி, தாமே ஆணையிடப்போகும் ஒரு மரணத்துக்கு முன்னால் செய்கிறார். "இந்த நீதிமானுடைய இரத்தப்பழிக்கு நான் குற்றமற்றவன்" என்று சொல்லிவிட்டு, இயேசுவை வாரினால் அடிப்பித்துச் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கிறார். மத்தேயு தம் சுவிசேஷத்தில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

வேறு வழியின்றித் தவித்த மனிதர் என்ற சித்திரமும் வரலாற்றோடு பொருந்துவதில்லை. கி.பி. 26 முதல் 36 வரை ஆண்ட இவர், ஆலயப் பணத்தில் நீர்க்கால்வாய் கட்டி, அதை எதிர்த்த கூட்டத்தை மாறுவேடமிட்ட வீரர்களைக் கொண்டு அடிக்கச் செய்தார் என்றும், கெரிசீம் மலைக்குச் செல்லத் திரண்ட சமாரியரைக் கொன்றதால் பதவியிழந்தார் என்றும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்னொரு வழக்கு உண்டு: சம்பந்தமில்லாத இடத்தில் ஒருவர் அகப்பட்டுக்கொண்டால், 'விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்து வந்ததுபோல' என்பார்கள். (கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையே விசுவாசப் பிரமாணம்.) இந்த வழக்கை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. இயேசுவைத் தவிர அந்தப் பிரமாணம் பெயர் சொல்லும் மனிதர்கள் மரியாளும் பிலாத்துவும் மட்டுமே; குற்றம்சாட்டிய ஆசாரியர்களின் பெயர்களைக்கூடச் சொல்லாத அது, தீர்ப்பளித்தவரின் பெயரை அந்த மரணத்தோடு சேர்த்தே சொல்கிறது. சம்பந்தமில்லாமலா அந்தப் பெயர் அங்கே இருக்கிறது?

அன்புடன்.