ஊட்டிக் குளிரில் முடி வைக்கோல் மாதிரி ஆகிறதே, வீட்டிலேயே என்ன செய்யலாம்?

ஊட்டிக்குக் குடிவந்த பிறகு முடி வறண்டு உடைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரைவிட, ஆவி பறக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீர்தான் முதல் எதிரி. இருக்கிற எண்ணெய்ப் பசையையும் அது கழுவிவிடும். தலைக்கு வெதுவெதுப்பு போதும்.

தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுமே, இங்கே பாட்டிலில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டிதான். சுடுதண்ணீர்ச் சொம்பில் பாட்டிலை நிறுத்தி, உருகியதும் நுனிவரை தடவி, ஒரு மணி நேரம் கழித்து அலசுங்கள். ஷாம்புக்குப் பதில் செம்பருத்தி இலை. அரைத்தால் கொழகொழவென்று வரும். வெந்தயமும் சரிதான், எனக்கு இந்தக் குளிரில் தும்மல் பிடித்துக்கொள்ளும். பிளந்த நுனி எதற்கும் ஒட்டாது, வெட்டிவிடுங்கள்.

அப்புறம், கடைக்குக் கடை விற்கிற யூக்கலிப்டஸ் தைலத்தை அப்படியே தலையில் தேய்த்துவிடாதீர்கள். எரியும்!