மே மாசம் மகள் வரமாட்டாளாம்!

கேள்வி: என் மகள் கன்னியாஸ்திரி. சாகற வரைக்கும் துறவியாவே இருப்பேன்னு நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துப் பதினைந்து வருஷம் ஆச்சுங்க. மே மாசம் ஆனா பத்து நாள் வீட்டுக்கு வருவா. இந்த வருஷம் குன்னூர்ப் பக்கம் ஒரு தியான இல்லத்துல மாசம் பூரா புதுப்பித்தல் பயிற்சியாம், போன்கூடக் கையில இருக்காதாம். சின்னவன் புது வீட்டுக்கு அதே மாசம்தான் பால் காய்ச்சறோம். "மடத்துல ஏதோ பிரச்சனை, அதான் அனுப்பறாங்க"ன்னு சொந்தத்துல பேசறாங்க. எனக்கு மேலுக்குச் சுகமில்லைன்னு மதருக்குப் போன் போட்டு வரவழைச்சுரட்டுங்களா?
- ஒரு தாய், கருமத்தம்பட்டி

பதில்: அந்தப் போனை மட்டும் போட்டுவிடாதீர்கள், அம்மா. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மதர் உடனே அனுப்பிவைப்பார். பதறியடித்து வருகிறவள் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைப் பார்ப்பாள். நாளைக்கு நீங்கள் நிஜமாகவே படுத்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

சொந்தக்காரர்கள் நினைப்பதுபோல இது தண்டனை இல்லை. துறவியர் ஆண்டுதோறும் தியானம் செய்ய வேண்டும், கடைசிவரை பயிற்சியைத் தொடர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1965 அக்டோபரில், உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தலுக்கென்றே தனி ஏடு வெளியிட்டது. நற்செய்திக்கும் அந்தந்தத் துறவற சபையைத் தொடங்கியவரின் நோக்கத்துக்கும் திரும்புங்கள், காலத்துக்கு ஒவ்வாததை மாற்றுங்கள் என்றது. பல சபைகளில் கனத்த அங்கி போய்ச் சேலை வந்தது அதன் பிறகுதான். வருஷத் தியானம் எட்டு நாளில் முடிந்துவிடும். பல வருஷம் உழைத்தவர்களுக்குச் சில சபைகள் இப்படி நீண்ட இடைவெளியும் கொடுக்கின்றன. சில நாள் முழு மௌனம், விவிலியம், ஆன்ம வழிகாட்டியோடு தனியாகப் பேச்சு, நல்ல தூக்கம். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் இருக்கும் சிஸ்டர்களுக்கு மே மாசம் லீவே கிடையாது. பிள்ளைகள் போன பிறகுதான் அட்மிஷன், டி.சி., கணக்கு முடிப்பது எல்லாம். மாற்றல் கடிதமும் அப்போதுதான் வரும். அதற்கு நடுவே உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பத்து நாளில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் கொங்குப் பக்கத்தில் வீட்டில் ஒரு சிஸ்டர் இருந்தால் பாதி ஊருக்குப் பள்ளிக்கூட சீட்டு கையில் இருக்கிற மாதிரி. காலைப் பூசை முடிந்து வருவதற்குள் திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பேரனின் எல்.கே.ஜி., இன்னொருவருக்கு மருமகளின் டீச்சர் வேலை. தறி ஓடவில்லை, ஜெபம் பண்ணு கண்ணு என்று ஒருவர். "தூங்கினியா சாமி" என்று கேட்டவர் யார்? நீங்கள் கேட்டிருப்பீர்கள். மற்றவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத பயம் ஒன்றும் தெரிகிறது. ஒரு மாசம் தனியாக உட்கார்ந்து யோசித்தால் மனசு மாறிவிடுமோ என்று. பெரும்பாலும் தெளிவோடுதான் திரும்புவார்கள். ஒருவேளை "எனக்குச் சலிப்பா இருக்கும்மா" என்று அவள் சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பிக்காமல் முழுசாகக் கேளுங்கள். அவள் அதை வேறு யாரிடம் சொல்வாள்?

இனி வீட்டு விஷயம். தேதியை ஜூனுக்குத் தள்ள முடியுமா என்று சின்னவனிடம் கேளுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் அவசரம் இருந்தால், பாலை மே மாசமே காய்ச்சிவிட்டு, ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பதை மட்டும் அவள் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். குன்னூர் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் மதரிடம் இரண்டு நாள் அனுமதி கேட்டு வைப்பாள். அன்றைக்குச் சீட்டுக் கேட்கிற சொந்தங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுங்கள்.