மூன்றாம் குரூப் கேட்கும் மகள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 441 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பதினொன்றில் வரலாறும் வணிகவியலும் உள்ள மூன்றாம் குரூப்தான் வேண்டும் என்கிறாள். பள்ளியிலோ, “இந்த மார்க்குக்கு யாராவது தேர்ட் குரூப் எடுப்பார்களா? வரலாறு படித்தால் வேலை ஏது?” என்று சொல்லி முதல் குரூப்பில் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடலூர் பக்கத்தில் உள்ள தேவனாம்பட்டினம் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சுதான். வேலை கிடைக்காத படிப்பிலிருந்து பிள்ளைகளைத் திருப்பிவிடுவது பள்ளியின் கடமைதானே? நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், குறிஞ்சிப்பாடி

பதில்: மகள் பக்கம் நில்லுங்கள் அம்மா. பாதை எப்படி இருக்கும் என்று எடுத்துச் சொல்வது பள்ளியின் கடமை. பெயரை மாற்றி எழுதுவது கடமை இல்லை. நானே அந்தத் தவறைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

கடலூரில் பொருளியல் ஆசிரியராக இருந்தபோது, ஜூன் மாத அட்மிஷன் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருடம் முதுநகரிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. விண்ணப்பத்தில் பென்சிலால் ‘மூன்றாம் பிரிவு’ என்று எழுதியிருந்தான். நல்ல மார்க். ரப்பரை வாங்கி நானே அழித்தேன், மேலே பேனாவால் ‘முதல் பிரிவு’ என்று எழுதினேன். அழுத்தி எழுதியிருந்ததால் பென்சில் தடம் போகவில்லை, என் எழுத்துக்கு அடியில் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பையன் பிறகு மெக்கானிக்கல் சேர்ந்தான். அப்போது அதற்குத்தான் அடிதடி. அரியர் மேல் அரியர் விழுந்து பட்டமே வாங்கவில்லை. கல்விக் கடனை அப்பாதான் அடைத்தார். கணக்கு வழக்கில் அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை! வணிகவியலில் எங்கேயோ போயிருப்பான். அந்தக் கும்பிடு இன்னும் என் மனதை அறுக்கிறது.

இன்று குரூப் எடுக்கும் பிள்ளை பட்டத்தோடு வெளியே வர ஐந்தாறு வருடம் ஆகும். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு மெக்கானிக்கலுக்கு முட்டி மோதினார்கள், இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில் நிரம்புகிறது. இதை எந்த ஆசிரியரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் குரூப்பில் தலை குறைந்தால் செக்‌ஷன் போய்விடுமே என்ற கவலையும் சில பள்ளிகளில் உண்டு.

சரி, பள்ளி சொல்லியிருக்க வேண்டியது என்ன? மூன்றாம் குரூப் எடுத்தால் இன்ஜினியரிங்கும் நீட்டும் கிடையாது. இதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஐந்தாண்டு சட்டப் படிப்பு, பி.காம்., சி.ஏ., கலைப் படிப்புகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், அந்தப் பாடத்திட்டத்தில் வரலாறு பெரிய பங்கு. ஆசிரியர் வேலை என்றால் பி.எட்.டும் தேர்வும் உண்டு, பல வருடக் காத்திருப்பும் உண்டு.

இன்னொன்று, இதைத்தான் பள்ளிகள் சொல்வதே இல்லை. கல்லூரியில் சேரும்போது பட்டத்தின் பெயரைப் பாருங்கள். வரலாறு என்றே இருந்தால் பிரச்சினை இல்லை. கேட்க அழகாக இருக்கும் புதுப் பெயர் என்றால், அது வரலாற்றுப் பட்டத்துக்கு இணையானது என்று இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல், வேலை கைக்கு வரும் நேரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திருப்பிவிடுவதென்றால் பிள்ளையை அந்த மாதிரிக் குழியிலிருந்து திருப்பிவிடலாமே!

அப்புறம், அந்தக் கோட்டை. 1690-இல் ஆங்கிலேயர்கள் அதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தே என்று ஒப்பந்தம். சுட்டுப் பார்த்து எல்லை போட்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நம் வாசலிலேயே இவ்வளவு கிடக்கும்போது, ஒரு பெண்ணுக்கு அதன்மேல் ஆசை வந்ததைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

அட்மிஷன் முடிவதற்குள் மகளையும் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சண்டை வேண்டாம். குரூப் மாற்றக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள். வரலாறு ஏன் வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள் அம்மா, காத்திருப்பேன்.