தளர்வுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொரோனா இரண்டாம் அலைக்காகப் போடப்பட்ட ஊரடங்கில், 2021 ஜூலை 5 முதல் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் ஒரே விதமான தளர்வுகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் விதிகள் வேறுபட்டதால் எழுந்த குழப்பமும் வருத்தமுமே அந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு அப்போது எழுதிய பதில்கள் இங்கே.

சென்னையில் ஜூன் 21 அன்றே பேருந்து ஓடத் தொடங்கிவிட்டது. எங்களுக்கு ஜூலை 5 வரை இல்லை. கம்பெனி வேன் வராத ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? எங்கள் மாவட்டத்தின் மேல் மட்டும் ஏன் இந்தக் கடுமை?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

உங்கள் மாவட்டம் மட்டுமல்ல; கோவை, நீலகிரி, ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவற்றோடு சேர்த்துப் பதினோரு மாவட்டங்கள் ஜூன் 7 முதலே தனியாகப் பிரிக்கப்பட்டன. ஜூன் 21 அன்று இப்பதினொன்றும் முதல் வகை, இருபத்து மூன்று மாவட்டங்கள் இரண்டாம் வகை, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கும் மூன்றாம் வகை என்று ஆயின. மூன்றாம் வகைக்கு முதலிலும், இரண்டாம் வகைக்கு ஜூன் 28 அன்றும், உங்களுக்குக் கடைசியாகவும் பேருந்து கிடைத்தது.

இதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. இரண்டாம் அலை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் ஏறவுமில்லை, ஒரே நாளில் இறங்கவுமில்லை. மே மாத நடுவில் ஒரு நாளைக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்ட புதிய தொற்றுகளைக் கண்ட சென்னை, அம்மாதக் கடைசியில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அதன் பக்கத்து மாவட்டங்களிலும் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் தவிப்பு நீடித்தது. அந்த நிலையில் எல்லா மாவட்டங்களையும் ஒன்றாகத் திறந்திருந்தால் மேற்கு மாவட்ட மருத்துவமனைகள் தாங்கியிருக்காது. ஆகவே தாமதம் சரியே என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. மாவட்டங்களின் பெயர்களைப் பட்டியலிட்ட அரசின் அறிவிப்புகள், எந்த அளவைத் தாண்டினால் ஒரு மாவட்டம் முதல் வகைக்குள் வரும், எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அதிலிருந்து வெளியேறும் என்பதை எண்ணாகச் சொல்லவில்லை. மகாராஷ்டிரம் இதே ஜூன் 7 முதல் ஐந்து நிலைகளை நடைமுறைப்படுத்தியபோது, பரிசோதிக்கப்படுவோரில் எத்தனை சதவீதத்தினருக்குத் தொற்று, ஆக்சிஜன் படுக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற இரண்டு அளவுகளையும் வெளிப்படையாக வைத்தது. தொற்று விகிதம் 5 சதவீதத்துக்கும் படுக்கை நிரம்பல் 25 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் முதல் நிலை என்பதை அங்குள்ள எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கேரளம் இன்னும் கீழே இறங்கி, ஒவ்வொரு உள்ளாட்சியையும் தொற்று விகிதப்படி நான்காகப் பிரித்தது. இந்த முறைகளிலும் குறை உண்டு. யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதை மாற்றினாலே விகிதம் மாறிவிடும். என்றாலும், காத்திருப்பவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிகிறது. இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்குப் போக முடியாமல் கூலியை இழந்த தொழிலாளிக்கு அந்த எண்ணைச் சொல்வது அரசின் கடமை. அடுத்த முறையாவது அது ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.

ஆண்டாள் கோயில் பக்கத்தில் பூக்கட்டி விற்கிறேன். ஜூன் 14 அன்று டாஸ்மாக் கடையைத் திறந்தார்கள். கோயில் நடை மட்டும் ஜூலை 5 வரை எங்களுக்குத் திறக்கவில்லை. இது எந்த நியாயம் ஐயா?
– பூ வியாபாரி, ஸ்ரீவில்லிபுத்தூர்

அம்மா, கள்ளச்சாராயமும் போலி மதுவும் தலைதூக்கிவிடக் கூடாது என்பதற்காகவே கடைகளைத் திறந்ததாக முதல்வர் விளக்கம் அளித்தார். அந்த அச்சத்தை முழுவதும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் மது விற்பனையால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். தொற்றின் கோணத்தில் மட்டும் பார்த்தால், திறந்த வெளிப் பிராகாரத்தில் இடைவெளி விட்டு வரிசையாகச் சென்று வருவது மதுக்கடை வாசலில் முண்டியடிப்பதைவிட ஆபத்துக் குறைவானது. கருவறைக்கு முன்னுள்ள குறுகிய மண்டபம்தான் சிக்கல். அங்கே நிற்க விடாமல் ஒழுங்குபடுத்துவது முடியாத காரியம் அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு ஏப்ரல் 26 முதலே அனுமதி இல்லை; அதாவது உங்கள் வருமானம் பத்து வாரங்கள் நின்றுபோயிற்று. நிலையான மாதச் சம்பளம் இல்லாத அர்ச்சகர்களுக்கும் பூசாரிகளுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் 4,000 ரூபாயும், 10 கிலோ அரிசியும், மளிகைப் பொருட்களும் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் பூ, தேங்காய், கற்பூரம் விற்று அதே கோயிலை நம்பி வாழ்கிறவர்கள் கோயிலின் பணியாளர்கள் அல்லர் என்பதால் அதில் வரவில்லை. எல்லா அரிசி அட்டைகளுக்கும் வழங்கப்பட்ட 4,000 ரூபாய்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரு தொழிலை மூடும்போது அதைச் சுற்றி வாழ்பவர்களையும் கணக்கெடுத்திருக்க வேண்டும்.

ஆடி பிறப்பதற்குள் மகளின் திருமணத்தை முடிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரில் இருக்கிறார்கள். எத்தனை பேர் கலந்துகொள்ளலாம்?
– மளிகைக் கடை உரிமையாளர், ஓசூர்

2021 ஜூலை 5 முதலான விதிப்படி, இரு வீட்டாரையும் சேர்த்து ஐம்பது பேர். மாநிலத்துக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் வர இனி இ-பாஸ் வேண்டாம். ஆனால் மாநிலங்களுக்கு இடையேயான பேருந்துகளுக்கு இன்னும் அனுமதி இல்லை என்பதால் அவர்கள் வரும் வழியை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

தளர்வுகளற்ற முழு ஊரடங்குக்கு முன்பு மே 22, 23 ஆகிய இரண்டு நாட்கள் எல்லாக் கடைகளையும் திறந்து, வெளியூர்ப் பேருந்துகளையும் விட்டார்களே, அது நோயைப் பரப்பும் செயல் இல்லையா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பரப்பியிருக்கக்கூடும். மே 21 அன்று மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று பதிவாகியிருந்தது. பரிசோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் இருந்த அந்த உச்சத்தில்தான் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் கூட்டம் அலைமோதியது.

ஆயினும் அவகாசம் கொடுக்காமல் பூட்டினால் என்ன ஆகும் என்பதை 2020 ஏப்ரலில் பார்த்தோம். சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்கள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாட்களுக்கு முன்பு அறிவித்ததும், 25-ஆம் தேதி மக்கள் காய்கறிக்கு முண்டியடித்தனர். பிறகு கோயம்பேடு சந்தையிலிருந்து உங்கள் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் அரியலூருக்கும் நோய் போய்ச் சேர்ந்து, மே 5 அன்று சந்தையையே மூடித் திருமழிசைக்கு மாற்ற நேர்ந்தது. ஊருக்குப் போக முடியாமல் கையில் காசின்றி நகரத்தில் சிக்கிக்கொள்ளும் கூலித் தொழிலாளியின் நிலைமையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆகவே பேருந்து விட்டது சரி என்றும், கடைகளை இரவு வரை திறந்துவிட்டது தேவையற்றது என்றும் நான் பிரித்துப் பார்க்கிறேன். மே 24 முதல் காய்கறிகளும் பழங்களும் வண்டிகளில் தெருவுக்கே வரும் என்று அரசு ஏற்பாடு செய்தது. அந்தச் செய்தியை இன்னும் உரக்கச் சொல்லியிருந்தால் சந்தைக் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும்.

ஒவ்வொரு வாரமும் ஓர் அறிவிப்பு, ஒவ்வொரு திங்களும் ஒரு புதிய தளர்வு. இந்த வேகம் அறிவியலுக்குப் பொருந்துமா?
– கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

முழுவதும் பொருந்தாது. கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாட்களும், சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரையும் ஆகின்றன. பிறகு பரிசோதனை, முடிவு என்று மேலும் சில நாட்கள் கழிகின்றன. ஆகவே ஜூன் 21 அன்று சென்னையில் பேருந்து விட்டதன் விளைவு ஜூலை தொடக்கத்தில்தான் எண்களில் தெரியும். அதற்குள் ஜூன் 28 அன்று இருபத்து மூன்று மாவட்டங்களில் அதே பேருந்தை விட்டாயிற்று. இரண்டு படிகளுக்கு இடையே இரண்டு வாரம் விட்டிருந்தால், எது தொற்றைக் கூட்டுகிறது, எது கூட்டவில்லை என்று நாம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

எண்கள் இறங்கிக்கொண்டே வந்தது நமது நற்பேறு. நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் அளவில் பரிசோதனை செய்தும் ஜூலை 5-ஐ ஒட்டிப் புதிய தொற்றுகள் 4,000-க்குச் சற்றுக் கீழே இருந்தன. அரசை வேகப்படுத்தியது பசி என்பதையும் மறந்துவிட முடியாது. அட்டைக்கு இரண்டு தவணைகளில் 4,000 ரூபாயும் ஜூனில் 14 மளிகைப் பொருட்களும், மே 10 அன்று ஊரடங்கு தொடங்கியது முதல் வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் காணாது. உதவித்தொகை கூடுதலாக இருந்திருந்தால் இரண்டு வார இடைவெளியை மக்களே பொறுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

டீக்கடையில் 50 சதவீதம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். என் கடையில் இருப்பதே இரண்டு பெஞ்சு. நான் எப்படிக் கணக்கிடுவது? மறுபடியும் மூடச் சொல்வார்களா?
– டீக்கடைக்காரர், திண்டுக்கல்

ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் என்றால் இனி இரண்டு பேர். முடிந்தால் இரண்டு பெஞ்சையும் வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். இந்த நோய் அடைத்த அறையில்தான் எளிதில் பரவுகிறது. டீ குடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் முகக்கவசம் வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள், நீங்களும் அணியுங்கள். தடுப்பூசி கையிருப்பு வந்தவுடன் நீங்களும் உதவியாளரும் முதல் வேலையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்த ஆணை 2021 ஜூலை 12 காலை 6 மணி வரை செல்லும். அடுத்த அறிவிப்பு அதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே வந்துவிடும் என்பதால், பால் முன்பணத்தை அதுவரை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பது உங்களுக்கு நல்லது.