கே-ஃப்ரீக்கு முதல் ‘நல்’ செக் வேணுமோ?

கேள்வி (திருநெல்வேலியிலயிருந்து ஒரு கம்பஸ் மாணவி): அண்ணை, லினக்ஸ் கேர்னலுக்கு (ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ர மையப்பகுதி) ஒரு சின்ன ட்ரைவர் எழுதி ரிவியூவுக்குக் குடுத்தனான். கே-ஃப்ரீ (kfree, எடுத்த மெமரியைத் திருப்பி விடுற ஃபங்ஷன்) கூப்பிட முதல், மெமரி அட்ரஸை வைச்சிருக்கிற பொயின்ரர் ‘நல்’ (NULL, ஒண்டையும் காட்டாத வெறுமை) இல்லையோ எண்டு இஃப் போட்டுப் பாத்திருந்தன், அதை எடுக்கச் சொல்லிப்போட்டினம். கவனமா எழுதினது பிழையோ?

பதில்: பிழையில்லைத் தங்கச்சி, தேவையில்லாத வேலை. கே-ஃப்ரீக்கு ‘நல்’ குடுத்தா அது ஒண்டும் செய்யாமல் திரும்பி வந்திடும், உள்ளுக்கயே அந்தச் செக் இருக்கு, கேர்னலில மெமரி விடுற மற்ற ஃபங்ஷன்களான வி-ஃப்ரீயும் கேவி-ஃப்ரீயும் அப்பிடித்தான், சாதாரண சி மொழியின்ர ஃப்ரீயும் 1989 ஸ்டாண்டர்ட்டில இருந்தே அப்பிடித்தான். பாட்ச்சை (அனுப்புற கோட் மாற்றத்தை) சரிபாக்க கேர்னலோட வாற செக்பாட்ச் ஸ்கிரிப்டே இந்த இஃப்பைக் கண்டா வோர்னிங் குடுக்கும், பாட்ச் அனுப்ப முதல் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ.

ஆனா உங்கட கவனம் போகவேண்டிய இடம் வேற. எரர் வரேக்க பாயிறதுக்கு எர் (err) எண்டு ஒரே ஒரு லேபிள் (கோடில ஒரு இடத்துக்கு வைக்கிற பேர்) வைச்சு, அதில முதல் ஃபூ எண்ட ஸ்ட்ரக்டுக்குள்ள (பல டேட்டாவைச் சேர்த்து வைக்கிறது) இருக்கிற பார் எண்ட பொயின்ரரை ஃப்ரீ பண்ணி, பிறகு ஃபூ-வை ஃப்ரீ பண்ணுவினம், பாக்க வடிவாத்தான் இருக்கும். ஃபூ-வுக்கே மெமரி கிடைக்காமல் அங்க பாய்ஞ்சா என்ன நடக்கும்? பார் எங்க இருக்கெண்டு பாக்க ‘நல்’லாக் கிடக்கிற ஃபூ-வைத் திறக்கோணும், கே-ஃப்ரீக்குள்ள போக முதலே கேர்னல் ஊப்ஸ் (கேர்னலுக்குள்ள பாரதூரமான பிழை வந்தா வாற எரர் ரிப்போட்) அடிச்சிடும். கேர்னலின்ர கோடிங் ஸ்டைல் ஆவணத்தில இதுக்கு ‘வன் எர் பக்’ எண்டே பேர் இருக்கு. லேபிளை ரெண்டாப் பிரிச்சு, மெமரி எடுத்த ஒழுங்குக்குத் தலைகீழா விடுங்கோ, சரிவரும்.

இன்னொண்டு, எல்லா ஃபங்ஷனும் பெயிலானா ‘நல்’ தராது. யூசர் புரோகிராமின்ர டேட்டாவைக் கேர்னலுக்குள்ள கொப்பி பண்ணுற மெம்டப்-யூசர் மாதிரி ஆக்கள் மைனஸ் 12 எண்ட எரர் நம்பரையே (மெமரி இல்லை எண்டு அர்த்தம்) பொயின்ரருக்குள்ள வைச்சுத் தருவினம், ‘நல்’ செக் அதைப் பிடிக்காது, கே-ஃப்ரீயும் தாங்காது, பொயின்ரருக்குள்ள எரர் நம்பர் இருக்கோ எண்டு பாக்கிற இஸ்-எர் (IS_ERR) போட்டுத்தான் பாக்கோணும்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): ஃப்ரீ பண்ணின பிறகு பொயின்ரரில ‘நல்’ எழுதிவிடோணுமோ?

பதில்: ஃபங்ஷன் முடியிற இடத்தில இருக்கிற லோக்கல் பொயின்ரரெண்டா வேண்டாம். பிறகும் உயிரோட இருக்கிற ஸ்ட்ரக்டுக்குள்ள எண்டா கட்டாயம் எழுதுங்கோ, இல்லாட்டி பழைய அட்ரஸ் அப்பிடியே கிடக்கும், வேற வழியால வந்து திரும்ப ஃப்ரீ பண்ணினா டபிள் ஃப்ரீ. டெஸ்ட் பண்ணேக்க கேசானை (KASAN, கேர்னலின்ர மெமரிப் பிழைகளைப் பிடிக்கிற கருவி) ஓன் பண்ணி வைச்சா அது எந்த இடத்தில எண்டு காட்டித்தரும்.